பிரஸ்ஸல்ஸில் சாக்லேட்டும் ஓவியக்கூடமும் சேர்த்து ஒரு நடைச் சுற்றுலா: வழிகாட்டி தேவையா?

லாச்சப்பல்_அக்கா (பாரிஸ்), வியாழன் இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். புரட்டாசி மாசம் அம்மா யாழ்ப்பாணத்திலயிருந்து வாறா. ஒரு சனிக்கிழமை அவவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் போய் இரவே திரும்புவம் எண்டு யோசிக்கிறம். எங்கட வீட்டிலயிருந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம், அங்கயிருந்து யூரோஸ்டார் ரயில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள்ள கொண்டுபோய் விட்டிடும்.

மகளுக்குப் பதினைஞ்சு வயசு, எந்த நேரமும் படம் கீறிக்கொண்டு இருப்பாள். சாக்லேட் கடைகளையும் ஆர்ட் கேலரிகளையும் சேர்த்து நடத்திக் காட்டுற சுற்றுலா இருக்கு எண்டு அவள்தான் கண்டுபிடிச்சவள். மூண்டு மணித்தியால நடை, நாலைஞ்சு இடத்தில சாக்லேட் ருசி பார்க்கிறது, இடையில சப்லோன் எண்ட சதுக்கத்துப் பக்கம் கேலரிகள். மூண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் காசு கொஞ்சம் கூடத்தான். அது பெறுமதியோ, இல்லாட்டி நாங்களே போகலாமோ?

ரெண்டு பிரச்சினை இருக்கு. அம்மாவுக்கு முழங்கால் நோ, ஏத்தம் ஏறுறது கஷ்டம். மற்றது, புரட்டாசிச் சனி பிடிக்கிறவ. மாசம் முழுக்க மச்சம் தொடமாட்டா, முட்டையும் இல்லை. சாக்லேட்டில என்னென்ன கிடக்கும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கோவைக்காரன் (பிரஸ்ஸல்ஸ்), வியாழன் இரவு 10.05

வணக்கம் அக்கா. நான் இங்கதான் வேலை பார்க்கிறேன், ஊர்ல இருந்து யார் வந்தாலும் இந்தச் சுத்து கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு. சனிக்கிழமை சரியான தேர்வு. கேலரிகள் பெரும்பாலும் செவ்வாய்ல இருந்து சனி வரைக்கும்தான் திறந்திருக்கும். திங்கட்கிழமை மியூசியங்களும் லீவு. சனி, ஞாயிறுல சப்லோன் சதுக்கத்துல பழம்பொருள் சந்தையும் நடக்கும்.

அம்மாவோட முழங்காலுக்கு ஒரே வழி, மேல இருந்து கீழ வர்றது. பிரஸ்ஸல்ஸ் மேட்டுலயும் பள்ளத்துலயுமா ரெண்டா பிரிஞ்ச ஊர். மியூசியமும் சப்லோனும் மேல. ஊரோட பெரிய சதுக்கமான கிராண்ட் பிளாஸ் கீழ. சென்ட்ரல் ஸ்டேஷன் நடுவுல. நிறைய பேர் கிராண்ட் பிளாஸ்ல ஆரம்பிச்சு, மோன் தே ஸார் படியெல்லாம் ஏறி, மேல போய்ச் சேரும்போது களைச்சுப் போயிடுறாங்க. நீங்க மிடி ஸ்டேஷன்ல இறங்கின உடனே மெட்ரோ பிடிச்சு லூயிஸ் போயிடுங்க. அங்க ட்ராம் மாறி ரோயல் சதுக்கத்துல இறங்குங்க. மியூசியம் பக்கத்துலயே. அங்கிருந்து சப்லோன் ஐஞ்சு நிமிஷ நடை. அப்புறம் ரூ லெபோ வழியா இறங்கி கிராண்ட் பிளாஸ், கடைசியா சாந் உபேர் கூடம், கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெரு. அது முடியற இடத்துல இருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் கிட்டதான். கிராண்ட் பிளாஸ் வரைக்கும் எல்லாமே இறக்கம். கருங்கல் பாவின தெரு, அதனால அம்மாவுக்கு நல்ல மெத்தையான ஷூ வேணும்.

காசு விஷயம் வெளிப்படையாச் சொல்றேன். கேலரிக்குள்ள போக டிக்கெட் கிடையாது. வாசல்ல மணி இருக்கும், அழுத்தினா கதவைத் திறப்பாங்க. வாங்க வந்தவங்க மட்டும்தான் உள்ள வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. நம்ம ஆட்கள் அந்த மணியை அழுத்தத் தயங்கியே கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்துட்டுப் போயிடுறாங்க, எனக்கு அதைப் பார்த்தா வருத்தமா இருக்கும். சாக்லேட் கடையில பெட்டியா வாங்கணும்னும் இல்ல, ரெண்டு மூணு துண்டு தனியாக் கேட்டாலும் எடை போட்டுக் கொடுப்பாங்க. என் கருத்து, நீங்களே போங்க.

தூரிகை (சென்னை), வெள்ளி காலை 7.30

கோவைக்காரர் சொன்ன வழி நல்ல வழி. ஆனால் வழிகாட்டி வேண்டாம் என்ற முடிவில் எனக்கு உடன்பாடில்லை. கடைக்கு ஆள் தேவையில்லை, சரி. படத்துக்கு முன்னால் நிற்கும்போது அருகில் ஒருவர் இருந்தால் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது வாழ்நாளுக்கும் உதவும். நான் ஓவியம் கற்பிப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். மூன்று படங்கள் போதும். கிளம்புவதற்கு முன் இணையதளத்தைப் பார்த்து எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலாவது புரூகல் 1566இல் வரைந்த 'பெத்லகேமில் குடிமதிப்பு', அதாவது மக்கள் கணக்கெடுப்பு. பனி மூடிய ஒரு பிளெமிஷ் கிராமம். இடது ஓரத்தில் விடுதி வாசலில் வரி கட்டக் கூட்டம் முண்டுகிறது. பிள்ளைகள் உறைந்த குளத்தில் சறுக்குகிறார்கள், யாரோ பன்றி அறுக்கிறார்கள். தோளில் ரம்பம் சுமந்த ஒரு தச்சன், பின்னால் கழுதை மேல் நீலப் போர்வையில் ஒரு பெண். அவர்கள்தான் யோசேப்பும் மரியாளும். ஊரில் ஒருவர்கூட அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. விடுதிச் சுவரில் ஹாப்ஸ்பர்க் அரசின் இரட்டைத்தலைக் கழுகுச் சின்னம் தொங்குகிறது. அதாவது பைபிள் கதை, ஆனால் வரி வாங்குவது அன்று பிளாண்டர்ஸை, அதாவது இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதியை, ஆண்ட ஸ்பானிய ஹாப்ஸ்பர்க் அரசு. இரண்டே வருடம் கழித்து 1568இல் அந்த அரசை எதிர்த்த எக்மோன்ட், ஹோர்ன் என்ற இரு பிரபுக்களைக் கிராண்ட் பிளாஸில் தலைவெட்டினார்கள். மியூசியத்திலிருந்து சப்லோன் போகும் வழியில் பெட்டி சப்லோன் என்று சின்னப் பூங்கா வரும். நடுவில் நிற்கும் சிலை அந்த இருவருடையதுதான். சுற்றுக் கம்பிவேலித் தூண்களில் 48 வெண்கலச் சிற்றுருவங்கள், ஒவ்வொன்றும் ஒரு கைத்தொழில். மகளிடம் நோட்டுப் புத்தகம் இருந்தால் அங்கே அரை மணி நேரம் உட்கார விடுங்கள். அம்மாவுக்கும் பெஞ்சு கிடைக்கும்.

இரண்டாவது ஜாக்-லூயி டாவிட் 1793இல் வரைந்த 'மராவின் மரணம்'. குளியல் தொட்டியில் குத்தப்பட்டுக் கிடக்கிறார் பிரெஞ்சுப் புரட்சிக்காரர் மரா. படத்தின் மேல் பாதி முழுவதும் வெறுமை, எதுவுமே இல்லை. வரைகிற பிள்ளைகள் தாளை நிரப்பிவிடத் துடிப்பார்கள். பாதித் தாளைக் காலியாக விடும் துணிவை இந்தப் படத்தில்தான் பார்க்க வேண்டும். பாரிஸ்காரரின் படம் ஏன் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது என்று அவள் கேட்பாள். மன்னர் பதினாறாம் லூயியின் மரண தண்டனைக்கு வாக்களித்தவர் டாவிட். மன்னராட்சி திரும்பியதும் 1816இல் நாடுகடந்து இங்கே வந்தார், 1825இல் இங்கேயே இறந்தார்.

மூன்றாவது 'இக்காரசின் வீழ்ச்சி'. மெழுகுச் சிறகோடு பறந்து கடலில் விழுந்த கிரேக்கக் கதைப் பையன்தான் இக்காரஸ். புரூகல் பெயரில் இருக்கிறது. அவர் மூலத்தைப் பார்த்து வேறு கை வரைந்ததாக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். உழவன் உழுகிறான், கப்பல் போகிறது, கீழ் மூலையில் கடலுக்குள் மூழ்கும் இரண்டு கால்கள். மகளிடம் எதுவும் சொல்லாமல் அந்தக் கால்களைத் தேடச் சொல்லுங்கள்.

பெல்ஜிய ஓவியர் மக்ரித்தின் அருங்காட்சியகம் அதே வளாகத்தை ஒட்டியது, தனி நுழைவு, 2009இல் திறந்தது. நேரமிருந்தால் 'ஒளியின் பேரரசு' ஒன்றை மட்டும் பாருங்கள். கீழே இரவுத் தெரு, மேலே பட்டப்பகல் வானம். வயிற்றுப்பாட்டுக்காகச் சுவர்க்காகித வடிவமைப்பும் விளம்பரச் சுவரொட்டியும் செய்தவர் மக்ரித்.

கசப்பும்_இனிப்பும் (ஆண்ட்வெர்ப்), வெள்ளி மாலை 6.48

அக்கா, நான் இஞ்ச ஒரு சாக்லேட் பட்டறையில கன காலமா வேலை செய்யிறன். முதல்ல அம்மாவின்ர விரதத்தைப் பற்றிச் சொல்லிப்போட்டு வாறன்.

கறுப்புச் சாக்லேட் கட்டி பிரச்சினை இல்லை: கொக்கோ, சீனி, கொக்கோ பட்டர், அநேகமா சோயா லெசித்தின், வனிலா. பால் சாக்லேட்டும் அதே, பால்மா மட்டும் கூட. கவனிக்க வேண்டியது உள்ளுக்கு நிரப்பினதைத்தான். மதுவகை கலந்தது நிறைய இருக்கு. முட்டை மதுக் கிறீம் வைச்சதும் இருக்கு. மூஸ் மாதிரியான நுரைக் கிறீமுகளிலயும் மார்ஷ்மெல்லோவிலயும் ஜெலட்டின் வரலாம், அது மாட்டில இல்லாட்டிப் பண்டியில எடுக்கிறது. சிவப்பு நிறத்துக்கு இ120 போட்டிருந்தால் அது ஒரு பூச்சியில எடுக்கிற சாயம். பளபளப்பான உருண்டைகளில இ904 இருந்தால் அரக்கு, அதுவும் பூச்சிதான். கடையில கேட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள சேர்மானப் பட்டியலைக் காட்டுவினம். வெக்கப்படாமல் கேளுங்கோ, ஒவ்வாமை உள்ள சனம் தினமும் கேக்கிற கேள்விதான் இது. சுற்றுலாவுக்குப் பதியிறதெண்டால் பதியேக்கையே எழுதிப்போடுங்கோ. அண்டைக்கு வந்து நிண்டு சொன்னால் வழிகாட்டியால மாத்த ஏலாது.

இனி ருசி. ஒரு நாளில ஏழெட்டுத் துண்டுக்கு மேல நாக்கு வேலை செய்யாது. அதுக்குப் பிறகு எல்லாம் வெறும் இனிப்பு. சுற்றுலாக்களில பத்துப் பதினைஞ்சு துண்டு எண்டு விளம்பரம் போடுறதை நான் விரும்புறேல்லை. சாதாரண தண்ணி குடிச்சுக்கொண்டு சாப்பிடுங்கோ, குளிர்த் தண்ணி வேண்டாம். கொக்கோ பட்டர் 34 பாகைக்குக் கிட்டத்தான் உருகும், உங்கட வாய்ச்சூட்டுக்குச் சரியாக் காணும். வாயைக் குளிர வைச்சால் அது உருகாமல் மெழுகு மாதிரி நிக்கும். முதல்ல ஒண்டும் கலக்காத கறுப்பு, பிறகு பழவகைக் கனாஷ் (சாக்லேட்டும் கிறீமும் கலந்த மெத்தையான உள்ளடக்கம்), பிறகு கொட்டை அரைச்ச பிரலினே, கரமல் கடைசி. கரமல் முதல்ல போனால் அதுக்குப் பிறகு வாறதெல்லாம் செத்துப்போகும்.

பிள்ளைக்கு ஒரு வேலை குடுங்கோ. மூக்கைப் பொத்திக்கொண்டு கறுப்புச் சாக்லேட்டை வாயில போடச் சொல்லுங்கோ. இனிப்பும் கொஞ்சம் கசப்பும் மட்டும்தான் தெரியும். பாதி உருகினாப்பிறகு மூக்கை விடட்டும், வாசம் முழுக்க ஒரேயடியா வந்து இறங்கும். ருசியில பெரும்பங்கு மூக்கின்ர வேலை எண்டது அப்ப விளங்கும்.

கண்ணாலயும் பார்க்கலாம். அச்சில வார்த்தது பளபளப்பா, கோதுகள் கொஞ்சம் தடிப்பா இருக்கும். பெல்ஜியத்தின்ர பழைய முறை அது. வெட்டின கனாஷை உருகின சாக்லேட்டால போர்த்தி எடுத்தால் கோது மெல்லிசு, அடி தட்டை, சின்னச் சதுரம். சப்லோனில மார்க்கோலினி கடையில அந்த மாதிரியைப் பார்க்கலாம். அவர் கொட்டையில இருந்து தாங்களே வறுத்து அரைக்கிற ஆள். அதோட சாந் உபேர் கூடத்தில நொய்ஹவுஸின்ர பழைய கடையில ரெண்டு துண்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கோ. 1857இல சுவிஸில இருந்து வந்த ஜோன் நொய்ஹவுஸ் அந்தக் கூடத்தில மருந்துக்கடை போட்டார். கசப்பு மருந்தைச் சாக்லேட்டால மூடிக் குடுத்தவர் எண்டு சொல்லுவினம். 1912இல அவற்ற பேரன்தான் கோதுக்குள்ள நிரப்புற சாக்லேட்டைக் கொண்டுவந்தது. அதைச் சாதாரணக் கடதாசிப் பையில போட்டால் நசிஞ்சுபோகும் எண்டு பேரன்ர மனைவி 1915இல பலோத்தான் பெட்டியை அமைச்சா. இண்டைக்கு நாங்கள் அடுக்குறதும் அந்தப் பெட்டிதான்.

லாச்சப்பல்_அக்கா, வெள்ளி இரவு 10.20

தம்பி, இ120 விசயம் எனக்குத் தெரியவே தெரியாது, பெரிய உதவி. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், கறுப்புக் கட்டியே தனக்குப் போதும் எண்டுறா. தூரிகை, நீங்கள் எழுதினதை மகள் ரெண்டு தரம் வாசிச்சிட்டாள். வழிகாட்டி வேணும், வேண்டாம் எண்டு ரெண்டு பக்கமும் நியாயமாக் கிடக்கு. ஆரும் உண்மையிலேயே இப்பிடிச் சேர்த்து நடத்துற சுற்றுலாவில போனனீங்களோ?

பொள்ளாச்சி_தோப்பு (ஆனைமலை), சனி காலை 6.15

வணக்கமுங்க. நான் பிரஸ்ஸல்ஸ் பார்த்ததில்லைங்க, ஆனா இந்தப் பேச்சுல எனக்கும் ஒரு பங்கு இருக்குதுங்க. தென்னந்தோப்புக்குள்ள ஊடுபயிரா கொக்கோ வெச்சிருக்கோம். மரத்துலயே ஒட்டிக் காய்க்கும். காயை உடைச்சா வெள்ளைச் சதையோட விதை. அதைப் பெட்டியில குவிச்சு, வாழையிலை போட்டு மூடி, இடையில கிளறிவிட்டு, ஆறு நாளு புளிக்க வெக்கோணும். குவியலுக்குள்ள கைய வெச்சா சூடு தெரியும். அப்புறம் வெயில்ல காய வெக்கறது. இந்தப் புளிப்பு சரியா வரலைன்னா எந்த ஊருக் கைராசிக்காரர் செஞ்சாலும் சாக்லேட் வாசம் வராதுங்க. வாசத்துக்கான அஸ்திவாரம் அந்தக் குவியல்லதான் விழுகுது.

என் கேள்வி என்னன்னா, இந்த மாதிரி சுத்திக் காட்டறவங்க கொக்கோ எங்க இருந்து வருதுன்னு சொல்றாங்களா? பெல்ஜியத்துல ஒரு கொக்கோ மரங்கூட வெளையாதுங்களே. உலகத்துல அதிகமா வெளையறது ஐவரி கோஸ்ட்டு, அப்புறம் கானா. 2024ல அங்க மழையும் நோயும் விளைச்சலைக் கெடுத்து, உலகச் சந்தையில டன் பத்தாயிரம் டாலரைத் தாண்டுச்சு. நம்ம பக்கமே காஞ்ச விதை கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டுச்சு. ஆனா அங்கத்த வெவசாயிக்கு அரசாங்கம் முன்கூட்டியே நிர்ணயிச்ச வெலதான், ஏத்தம் முழுசாப் போய்ச் சேரலைங்க. கடையில பெட்டி வாங்கறப்ப அந்தப் பொண்ணு இதையும் ஒரு கேள்வியாக் கேக்கட்டும்ங்க.

வார_இறுதி (லண்டன்), சனி காலை 9.40

அண்ணா சொல்வது முக்கியமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டியும் பேத்தியும் ஒரு நாள் சந்தோஷமாகப் போய் வருகிறார்கள். அந்த ஒரு நாளில் விலை, காலனி, வறுமை என்று எல்லாவற்றையும் ஏற்றினால் பிள்ளை எதை ரசிப்பாள்? ரசிக்கத் தெரிந்த பிறகு கேள்விகள் தானாக வரும். இனிய நாளை இனிய நாளாகவே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

தூரிகை, சனி பகல் 12.10

வார_இறுதி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த ஊரில், குறிப்பாகச் சப்லோனில், அந்தக் கதையை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்ற வேண்டியதில்லை. அது கடை ஜன்னலிலேயே நிற்கிறது. சப்லோன் ஆப்பிரிக்கக் கலைப்பொருள் வணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம். ஒரு ஜன்னலில் சாக்லேட், அடுத்த ஜன்னலில் காங்கோவிலிருந்து வந்த முகமூடி. ஏன் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று வரைகிற பெண் கேட்காமல் இருக்க மாட்டாள். கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காகவே நான் வழிகாட்டியை வலியுறுத்துகிறேன்.

1885 முதல் 1908 வரை காங்கோ, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்து. ரப்பரும் யானைத் தந்தமும் கட்டாய உழைப்பில் பிழியப்பட்டன. 1897இல் பிரஸ்ஸல்ஸுக்கு வெளியே தெர்வூரனில் நடந்த கண்காட்சியில் காங்கோவிலிருந்து கொண்டுவந்த தந்தத்தில் பெல்ஜியச் சிற்பிகள் செதுக்கிய சிற்பங்களை வைத்தார்கள். அதே கண்காட்சிக்காக 267 காங்கோ மக்களைக் கொண்டுவந்து காட்சிக்கு நிறுத்தினார்கள், அவர்களில் ஏழு பேர் இங்கேயே இறந்தார்கள். பிரஸ்ஸல்ஸின் அழகான ஆர்ட் நூவோ (கொடி போல வளையும் கோடுகளைக் கொண்ட கட்டடக்கலைப் பாணி) வீடுகளில் ஒன்று, விக்டர் ஓர்த்தா கட்டியது, காங்கோ நிர்வாகத்தின் தலைமைச் செயலருக்காகவே எழுந்தது. ஆகவே இந்த நகரத்தின் கலையைப் பார்க்கிறோம் என்றால் இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம்.

இது வெறும் துயரக் கதை மட்டுமில்லை. சாக்லேட்டும் சிற்பமும் உண்மையிலேயே ஒன்றாகிய இடம் ஒன்று இருக்கிறது. காங்கோவில் லுசாங்கா என்ற ஊர். முன்பு அதன் பெயர் லெவர்வில். சன்லைட் சவுக்காரம் செய்த லெவர், பாமாயிலுக்காகத் தோட்டம் அமைத்த இடம். யாழ்ப்பாணத்து அம்மாவிடம் சன்லைட் என்று சொல்லுங்கள், கட்டாயம் தெரிந்திருக்கும். அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் 2014இல் ஒரு கலைக் கூட்டமைப்பு தொடங்கினார்கள். ஆற்றுக் களிமண்ணில் சிற்பம் செய்கிறார்கள். அதை முப்பரிமாணத்தில் படியெடுத்து, ஆம்ஸ்டர்டாமில் சாக்லேட்டில் வார்க்கிறார்கள். 2017இல் நியூயார்க்கில் கண்காட்சி வைத்தார்கள். 2024இல் வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் நெதர்லாந்து தன் அரங்கையே அவர்களுக்குக் கொடுத்தது. சிற்பம் விற்ற பணத்தில் அவர்கள் முன்னோர் இழந்த தோட்ட நிலத்தை நூற்றுக்கணக்கான ஏக்கர் திரும்ப வாங்கி, காடும் உணவுப் பயிரும் வளர்க்கிறார்கள்.

அதே 2024இல் இன்னொன்றும் நடந்தது. 1931இல் காங்கோவின் பெண்டே மக்களின் கிளர்ச்சியில் கொல்லப்பட்ட பெல்ஜிய அதிகாரி பாலோவின் மரச்சிற்பம் ஒன்று அமெரிக்காவில் வெர்ஜீனியா அருங்காட்சியகத்தில் இருந்தது. அதை லுசாங்காவுக்குக் கடனாக அனுப்பினார்கள். அவன் ஆவியைக் கட்டிவைக்கச் செதுக்கிய சிற்பம், செதுக்கியவர்களின் மண்ணுக்குத் தற்காலிகமாகவாவது திரும்பியது. இதைப் பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொன்னால் அவள் நாள் கெட்டுப்போகுமா? வீடு திரும்பியதும் களிமண் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

பொள்ளாச்சி_தோப்பு, சனி பகல் 1.02

சிற்பம் வித்து நெலத்தை மீட்டிருக்காங்க. ரெண்டு தடவ படிச்சனுங்க. என் பையனுக்கும் அனுப்பிட்டேன்.

வார_இறுதி, சனி பகல் 2.25

தூரிகை, லுசாங்கா கதை எனக்குப் புதிது. அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும். என் விருப்பம் ஒன்றே ஒன்று: முதலில் படம், பிறகு சாக்லேட், அதற்குப் பிறகு இந்தப் பேச்சு. வயிறும் மனசும் நிறைந்திருக்கும்போது கேட்கட்டும்.

செம்பருத்தி (ஸ்ட்ராஸ்பூர்க்), சனி மாலை 5.30

அக்கா கேட்டதுக்கு: நான் போயிருக்கிறன். ரெண்டு மாதிரியும் கண்டனான்.

ஒரு தடவை, பேர் சொல்ல விரும்பேல்லை, இருவது பேருக்கு மேல சேர்த்துக்கொண்டு போனவை. விளம்பரத்தில கேலரி எண்டு இருந்தது, ஆனால் ஒண்டுக்குள்ளயும் போகேல்லை. ஜன்னலுக்கு வெளிய நிண்டு, இது சமகாலக் கலை எண்டு கையைக் காட்டிப்போட்டு அடுத்த கடைக்கு ஓட்டம். ஒவ்வொரு கடையிலயும் தட்டு நீட்டுவினம், எடுத்து வாயில போட முன்னம் வெளிய வந்திடோணும். எனக்குப் பின்னால நிண்ட வயசான அம்மாவுக்கு ஒரு கதையும் கேட்டிருக்காது.

மற்றது ஒரு தனி வழிகாட்டி, நாங்கள் ஆறு பேர். கலை வரலாறு படிச்ச பிள்ளை. ரெண்டு கேலரிக்காரரோட முன்கூட்டியே கதைச்சு வைச்சிருந்தவ. ஒருத்தர் முகமூடியைக் கையில எடுத்துத் திருப்பி, உள்பக்கத்தில வேர்வையும் கயிறும் தேய்ஞ்ச அடையாளத்தைக் காட்டினார். எந்த வருசம், ஆரிட்ட இருந்து வந்தது எண்டு கேட்டம். ஆவணத்தை எடுத்து வைச்சார். ரெண்டே கடையில மட்டும் சாக்லேட், ஆனால் இருந்து ஆறுதலாச் சாப்பிட்டம். அந்த நாள் இன்னும் மனசில நிக்குது.

கோவைக்காரன், சனி இரவு 8.15

செம்பருத்தி சொன்ன ரெண்டாவது மாதிரி கிடைக்கும்னா நான் என் கருத்தை மாத்திக்கிறேன். ஆள் கூட்டம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. பதியறதுக்கு முன்னாடி ஒரு மின்னஞ்சல் போடுங்க அக்கா. அதிகபட்சம் எத்தனை பேர், கேலரிக்கு உள்ள போறீங்களா, மியூசியம் டிக்கெட் சேர்ந்ததா, உட்கார இடம் உண்டா, கீழ இருந்து மேல ஏறுறீங்களா. காங்கோவைப் பத்திப் பேசுவீங்களான்னும் கேளுங்க. பதில் வர்ற விதத்துலயே ஆளைத் தெரிஞ்சுடும். முட்டை, மது, ஜெலட்டின் இல்லாததுன்னு ஒரு வரி சேர்த்திடுங்க.

கிராண்ட் பிளாஸ்ல இருந்து சிறுநீர் கழிக்கிற சின்னப் பையன் சிலைக்குப் போற தெருவுல சாக்லேட் கடைங்க வரிசையா இருக்கும். மலிவா அடுக்கி வெச்ச பெட்டிங்கள்ல சேர்மானத்தையும் கிலோ விலையையும் பார்த்துட்டு வாங்குங்க. பெட்டியோட விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. கையில காசு குறைவுன்னா லியோனிடாஸ் எப்பவும் நியாயம். கிரேக்க வம்சாவளிக்காரர் ஆரம்பிச்சது, உள்ளூர் ஜனங்களும் அங்கதான் வாங்குறாங்க. அந்தத் தெருவுலயே ஒரு சுவர் முழுக்க டின்டின் படம் வரைஞ்சிருக்காங்க. 1991ல இருந்து இந்த ஊர்ல காமிக்ஸ் சுவர்ப்படங்களைச் சேர்த்துட்டே வர்றாங்க. வரைகிற பொண்ணுக்கு அது இலவசக் கேலரி.

இன்னொண்ணு, காங்கோ விஷயத்துல முழுசா ஆர்வம் வந்துட்டா தெர்வூரன் ஆப்பிரிக்க அருங்காட்சியகத்துக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்குங்க. மோன்ட்கோமெரில இருந்து 44ஆம் நம்பர் ட்ராம், காட்டுக்கு நடுவுல போகும். பல வருஷம் மூடி வெச்சுத் திருத்தி 2018 டிசம்பர்ல திரும்பத் திறந்தாங்க. ஒரே நாள்ல இதையும் சேர்க்காதீங்க, அம்மாவால முடியாது.

லாச்சப்பல்_அக்கா, ஞாயிறு காலை 11.05

எல்லாருக்கும் கோடி நன்றி. வீட்டில இருந்து கதைச்சு முடிவெடுத்திட்டம். காலமை நாங்களா மியூசியம்: குடிமதிப்பு, மரா, இக்காரஸ், மூண்டு படம் மட்டும். பிறகு பெட்டி சப்லோனில அம்மா இருக்க, மகள் சிற்றுருவங்களைக் கீறட்டும். பின்னேரம் ஒரு சின்னக் குழு வழிகாட்டியோட கேலரியும் சாக்லேட்டும். கோவைத் தம்பி சொன்ன கேள்வியளை அப்பிடியே ரெண்டு பேருக்கு அனுப்பினன். ஒராள் உடனே பதில் போட்டிருக்கிறா: எட்டுப் பேருக்கு மேல எடுக்கமாட்டாவாம், கேலரிக்கு உள்ள போவாவாம், காங்கோவைப் பற்றிக் கதைக்காமல் சப்லோனைக் காட்டத் தனக்குத் தெரியாது எண்டு எழுதியிருக்கிறா. அவவையே பதிஞ்சிட்டன்.

கடைசியா ஒண்டு. அம்மா ஐப்பசியில திரும்பிப் போகேக்க ஊருக்குச் சாக்லேட் கொண்டுபோக விரும்புறா. கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில யாழ்ப்பாணம். உருகாமல் கொண்டுபோக வழி இருக்கோ?

கசப்பும்_இனிப்பும், ஞாயிறு மாலை 4.50

அருமையான முடிவு அக்கா.

ஊருக்கு எண்டால் ஃப்ரெஷ் கிறீம் நிரப்பினது வேண்டாம், அது ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள சாப்பிட வேண்டிய சாமான். கறுப்புக் கட்டியும் கொட்டை பிரலினேயும் தாங்கும். அம்மா வெளிக்கிடுறதுக்கு முதல் நாள்தான் வாங்குங்கோ. பெட்டியைக் காற்றுப் போகாமல் ரெண்டு பிளாஸ்ரிக் பையில சுத்தி, துவாய்க்குள்ள வைச்சுக் கைப்பையில கொண்டுபோகட்டும். பெரிய பெட்டியில போட்டால் இடையில இறங்கிற நாட்டில வெயிலுக்குள்ள கன நேரம் தரையில கிடக்கும். கட்டிச் சாக்லேட்டை விமான நிலையத்தில மறிக்க மாட்டினம். பாணில பூசுற சாக்லேட் போத்தலைத் திரவக் கணக்கில எடுப்பினம், அதை மட்டும் பெரிய பெட்டிக்குள்ள வையுங்கோ.

இரவு பஸ் ஏசி எண்டால் பயமில்லை, மடியில வைச்சிருந்தால் காணும். வீட்டை போனவுடன பையைப் பிரிக்காமல் அப்பிடியே பிரிட்ஜுக்குள்ள வைக்கட்டும். சாப்பிட முன்னம் வெளிய எடுத்து, பைக்குள்ளயே அரை மணித்தியாலம் விட்டுத்தான் திறக்கோணும். குளிரோட திறந்தால் மேல தண்ணி பூத்துச் சீனி வெள்ளையாப் படியும். வழியில கொஞ்சம் உருகித் திரும்ப இறுகினாலும் சாம்பல் நிறமா வரி விழும், அது கொக்கோ பட்டர் மேல வாறது. பூஞ்சணம் இல்லை, எறிய வேண்டாம் எண்டு அம்மாவிட்ட இப்பவே சொல்லிவையுங்கோ. அப்பிடி வந்ததைப் பாலில கரைச்சுப் பிள்ளையளுக்குக் குடுக்கலாம்.